மூன்று நாள் இலவச வகுப்புக்குப் போனேன், நாலரை வருடம் கழித்துத்தான் வெளியே வந்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மாட்டிக்கொண்ட அந்தத் தியான அமைப்பின் பெயரை எழுதப் போவதில்லை. வக்கீல் வேண்டாம் என்றார், அது ஒரு காரணம். பெயரைச் சொன்னால் படிக்கிறவர் "ஓ, அந்தக் கூட்டமா, நாம போறது வேற" என்று நிம்மதியாகிவிடுவார், அது இன்னொரு காரணம். நானும் அப்படி நிம்மதியாக இருந்தவன்தான். பிரேமானந்தா வழக்கைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்ததால், மோசடிச் சாமியார் என்றால் காவி, முடி, கையில் திருநீறு வரவழைப்பது என்று மனதில் ஒரு படம் இருந்தது. நான் போன இடத்தில் அதெல்லாம் எதுவுமே இல்லை. வெள்ளைச் சட்டை, புரொஜெக்டர், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் செருப்பு விடுவதற்கு டோக்கன். எங்கள் கம்பெனி டிரெய்னிங் ஹாலை விட ஒழுங்காக இருந்தது.

நான் கோவையில் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். 2016 டிசம்பரில் அப்பா போனார். காரியமெல்லாம் முடிந்து ஷிப்டுக்குத் திரும்பிய பிறகு தூக்கம் சுத்தமாக வரவில்லை, இரவு இரண்டு மணிக்கு அப்பாவின் இருமல் சத்தம் கேட்டதுபோல எழுந்து உட்காருவேன். ஒரு நாள் கேட்டுக்குப் பக்கத்து பேக்கரியில் டீ குடிக்கும்போது கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கேட்டார், "ஏன் தம்பி, கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு? மூணு நாள் கிளாஸ் ஒண்ணு இருக்கு, காசெல்லாம் இல்ல, சாயங்காலம் ரெண்டு மணி நேரந்தான். வந்து பாருங்க, புடிக்கலைன்னா விட்டுருங்க." அவர் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை, இதை இன்றும் சொல்வேன். அவரை யாரோ அப்படித்தான் அழைத்திருப்பார்கள்.

மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். சுக்குக் காபி கொடுத்தார்கள். இரண்டாம் நாள் வாசலில் நின்ற பெண்மணி என் பெயர், ஊர், அப்பா இறந்தது எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்து "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் விளக்கை அணைத்துவிட்டு, இறந்துபோனவர்களிடம் மனதுக்குள் பேசச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில்கூட அழாத நான் அங்கே தேம்பித் தேம்பி அழுதேன். அன்று ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கினேன். இது பொய்யில்லை, வேலை செய்தது. ஆனால் மெதுவாக மூச்சு விட்டால் உடம்பு அடங்கும் என்பதும், துக்கத்தில் இருப்பவன் அழுது தீர்த்தால் தூக்கம் வரும் என்பதும் அவர்கள் கண்டுபிடித்தது இல்லை. அது என் உடம்பு செய்த வேலை, பெயர் அவர்களுக்குப் போனது. "ஏதோ ஒரு சக்தி இருக்கு, இல்லேன்னா எப்படித் தூக்கம் வரும்" என்று நினைத்த அந்த ஒரு இரவுதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு டெங்கு. எட்டு நாள் ஆஸ்பத்திரி. நான் கேட்கவே இல்லை, மூன்று வேளையும் டிபன் கேரியரில் சாப்பாடு வந்தது. ரத்தத் தட்டணுக்கள் தேவைப்பட்டபோது ஆறு பேர் வந்து நின்றார்கள். சொந்தக்காரர்கள் போனில் விசாரித்ததோடு சரி. சொல்லுங்கள், அதன் பிறகு "ஞாயிற்றுக்கிழமை சேவைக்கு ஆள் வேணும்" என்று அவர்கள் கேட்டால் எப்படி இல்லை என்று சொல்வது? வெளியே வந்த பிறகு இதைப் பற்றி நிறையத் தேடிப் படித்தேன். புதியவர்கள் மேல் அன்பைக் கொட்டி மூச்சு முட்ட வைப்பதற்கு 'லவ் பாம்பிங்' என்று ஒரு பெயரே இருக்கிறது. பேராசைக்காரர்கள், பலவீனமானவர்கள், படிக்காதவர்கள்தான் மாட்டுவார்கள் என்பதற்கு ஆதாரம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு விட்ட ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானிய மதக் குழுவில் விஞ்ஞானம் படித்தவர்களும் டாக்டரும் இருந்தார்கள். என்னைப் பிடித்தது என் நன்றியுணர்ச்சிதான். செய்ந்நன்றி மறக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளையை மடக்க வேறு தூண்டில் தேவையில்லை.

அதனால் ஒரு யோசனை. எந்தக் குழுவாக இருந்தாலும், சேர்ந்த முதல் மாதத்திலேயே ஏதாவது ஒரு சின்ன விஷயத்துக்கு "முடியாதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். காரணம் எதுவும் சொல்லாதீர்கள், காரணம் சொன்னால் அதைத் தீர்த்து வைக்கிறேன் என்று வந்துவிடுவார்கள். நல்ல இடமாக இருந்தால் "சரிங்க, அடுத்த தடவை பாக்கலாம்" என்பதோடு முடிந்துவிடும். நான் மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் நாலு பேர் போன், மறுநாள் கம்பெனி வாசலில் ஒருவர். யாரும் திட்டவில்லை, "உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு பயந்துட்டோம்" என்றார்கள். அப்போது அது எனக்குப் பாசமாகத் தெரிந்தது.

காசு எப்படிப் போனது என்று கேட்பீர்கள். முதல் வகுப்பு இலவசம். இரண்டாம் நிலை 3,500. மூன்றாம் நிலை, ஐந்து நாள் அங்கேயே தங்கி, 18,000. நான்காம் நிலைக்கு 45,000, அதில் தீட்சை உண்டு. ஒவ்வொரு நிலையிலும் அடுத்த நிலையில் என்ன இருக்கிறது என்பது ரகசியம். முடித்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். நான்காம் நிலையை முடித்து நானும் அதே சிரிப்பைச் சிரித்தேன், ஏனென்றால் உள்ளே சொல்வதற்கு ஒன்றுமே இல்லை, 45,000 கொடுத்துவிட்டு அதை எப்படி வெளியே சொல்வது? இதற்கு மேல் மாதச் சம்பளம் 38,000-ல் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. 2018-ல் தியான மண்டபம் கட்ட ஒரு தூண் என் பெயரில் என்று பர்சனல் லோன் போட்டு நாலு லட்சம். யாரும் என்னிடம் "லோன் போடு" என்று சொல்லவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று "நான் வீட்டை அடமானம் வெச்சுக் கொடுத்தேன், மூணே மாசத்துல கடன் அடைஞ்சிருச்சு" என்றார், எல்லோரும் கை தட்டினார்கள், மைக் என் வரிசைக்கு வந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஜப்பானில் 2022 டிசம்பரில் கொண்டுவந்த ஒரு சட்டத்தில், கடன் வாங்கியோ வீட்டை விற்றோ நன்கொடை கொடுக்கச் சொல்லக் கூடாது என்று தனியாகவே எழுதியிருப்பதைப் படித்தபோது அந்த மைக்தான் ஞாபகம் வந்தது.

நேரம் இன்னொரு கணக்கு. காலை மூன்றரைக்கு எழுந்து பயிற்சி, ஏழு மணிக்கு ஷிப்ட், சாயங்காலம் சேவை, ராத்திரி பத்தரைக்குக் கூட்டுத் தியானம். நாலு மணி நேரத் தூக்கம். தூக்கத்துக்காக அங்கே போனவன் நான், இதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அமெரிக்காவில் ஸ்டீவன் ஹாசன் என்பவர் கல்லூரி வயதில் மூன் என்ற கொரியப் போதகரின் சபையில் சேர்ந்து இரண்டு வருடம் இரவு பகலாக வேலை செய்தார். தூக்கமே இல்லாமல் வண்டி ஓட்டி 1976-ல் ஒரு லாரியில் மோதினார். கால் உடைந்து படுத்திருந்தபோதுதான் குடும்பத்தாரால் அவரிடம் பேசவே முடிந்தது. பிறகு இதைப் பற்றியே ஆராய்ந்து மற்றவர்களுக்கு உதவுகிறவராக ஆனார். எனக்கு லாரி இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை அனுபவத்தில் சொல்ல முடியும், தூங்காத மூளைக்குச் சந்தேகப்படத் தெம்பு இருக்காது. நீங்கள் போகிற இடம் உங்கள் தூக்கத்தையும் சாப்பாட்டையும் குறைக்கச் சொன்னால், அவர்கள் என்ன தத்துவம் சொன்னாலும் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்து யோசியுங்கள்.

அப்புறம் அந்த நோட்டு. நாற்பது பக்க ரூல்டு நோட்டு, பழுப்பு அட்டை, மேலே பெயரும் வரிசை எண்ணும். அதற்குக் 'கசடு நோட்டு' என்று பெயர். அன்றன்றைக்கு மனதில் வந்த அழுக்கையெல்லாம் எழுத வேண்டும், யார் மேல் பொறாமை, யாரைத் தப்பாகப் பார்த்தேன், அமைப்பின் மேல் என்ன சந்தேகம். சனிக்கிழமை ஒருங்கிணைப்பாளரிடம் கொடுக்க வேண்டும், எரித்துவிடுவோம் என்றார்கள். நான் வீட்டில் யாரிடமும் சொல்லாத விஷயங்களை அதில் எழுதினேன், அப்பாவின் வைத்தியச் செலவைப் பார்த்து ஒரு நாள் "சீக்கிரம் முடிஞ்சா தேவலை" என்று நினைத்தது உட்பட. ராபர்ட் லிஃப்டன் என்ற மனநல மருத்துவர், 1950-களில் சீனச் சிறைகளில் மனமாற்றப் பயிற்சிக்கு ஆளானவர்களிடம் பேசி எட்டு அடையாளங்களைத் தொகுத்தார். ஓயாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது அதில் ஒன்று, யோசனையை அடைத்துவிடும் சொற்களைப் பழக்குவது இன்னொன்று. எங்களிடம் இரண்டுமே இருந்தன. வெளியே இருப்பவர்கள் 'தூங்குகிறவர்கள்'. சந்தேகம் வந்தால் 'பழைய கசடு'. பதில் இல்லாத கேள்விக்கு 'அந்த நிலைக்கு வந்தா தெரியும்'. இந்தச் சொற்களை ஆறு மாதம் பேசினால், வீட்டில் அம்மா "ஏன் கண்ணு, சம்பளமெல்லாம் எங்க போகுது" என்று கேட்கும்போது உங்களுக்கு அம்மா தெரிய மாட்டாள், தூங்குகிற ஒருத்தி தெரிவாள்.

தங்கச்சி கல்யாணம் 2019 செப்டம்பரில். அதே மூன்று நாள்களில் தான் ஐந்தாம் நிலை. "நீங்களே முடிவு பண்ணுங்க, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார் ஒருங்கிணைப்பாளர், பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நான் முகூர்த்தத்துக்கு மட்டும் வந்து, தாலி கட்டி முடித்த அரை மணி நேரத்தில் கிளம்பினேன். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் செய்ய வேண்டியதையெல்லாம் பெரியப்பா மகன் செய்தான். பந்தியில் நின்று "சாப்பிடுங்க" என்று சொல்லக்கூட நான் இல்லை. ஆல்பத்தில் மொத்தம் இரண்டு போட்டோவில் இருக்கிறேன், இரண்டிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு மிஞ்சியிருந்த அம்மாவின் ஏழு பவுனை அடுத்த மாதமே அடகு வைத்து ஒன்றரை லட்சம் மண்டபத்துக்குக் கொடுத்தேன். இந்தப் பத்தியை நாலு தடவை அழித்துவிட்டு எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 'ஐயா' என்று நாங்கள் அழைத்த குரு ஆன்லைனில் வந்து, ஒரு மண்டலம் கூட்டுத் தியானம் செய்தால் நாற்பத்தெட்டாவது நாள் நோய் அடங்கிவிடும் என்றார். ராத்திரி பகலாகச் செய்தோம். மே மாதம் நாற்பத்தெட்டு நாள் முடிந்தபோது கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து பரவி எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. நியாயமாக அன்றைக்கே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். நடந்ததோ தலைகீழ். "நாம செய்யலைன்னா பத்து மடங்கு போயிருக்கும்" என்றார்கள், எனக்கு அழுகையே வந்தது, அவ்வளவு நம்பினேன். பிஎஃப்-பில் கொரோனா அட்வான்ஸ் எடுக்கலாம் என்று அரசாங்கம் சொன்னதே, அதில் 62,000 எடுத்து அனுப்பினேன். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை எழுபது வருடத்துக்கு முன்பே நேரில் பார்த்திருக்கிறார். 1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும், பறக்கும் தட்டு வந்து தங்களைக் காப்பாற்றும் என்று சிகாகோ பக்கம் ஒரு பெண்மணியை நம்பி ஒரு குழு காத்திருந்தது. ஃபெஸ்டிங்கரும் சகாக்களும் பக்தர்கள்போல உள்ளே போய் உட்கார்ந்து கவனித்தார்கள். வெள்ளம் வரவில்லை. இரவு முழுக்க உட்கார்ந்து தாங்கள் பரப்பிய ஒளியால்தான் உலகம் தப்பியது என்று செய்தி வந்ததாகச் சொல்லி, அவர்கள் முன்பைவிடத் தீவிரமாகப் பிரச்சாரத்தில் இறங்கியதாக ஃபெஸ்டிங்கர் எழுதினார். இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது, ஏதோ நான்தான் முதன்முதலாக ஏமாந்த மாதிரி அவமானப்பட்டுக்கொண்டிருந்தேன், இது 1954-லேயே ஓடிய படம்.

எப்படி வெளியே வந்தாய் என்று கேட்கிறார்கள். பெரிய சம்பவம் ஒன்றும் கிடையாது. 2021-ல் அண்ணன் முறையுள்ள ஒரு சேவகர் இரண்டாம் அலையில் போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு வருடம் அந்த இடத்தில் பாத்திரம் தேய்த்தவர். சத்சங்கத்தில் "அவருக்குள்ள ஒரு ஓரத்துல சந்தேகம் இருந்துச்சு, அது உடம்பைத் தின்னுருச்சு" என்றார்கள். அது எப்படித் தெரியும்? கசடு நோட்டிலிருந்து ஒரு வரியை வாசித்தார்கள். எரித்துவிட்டதாகச் சொன்ன நோட்டு. மறுநாள் ஷிப்டில் நான் பம்ப்புகளைத் தண்ணீர் அழுத்தத்தில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன், வரிசையாக மூன்று ஒழுகின. லாட்டையே நிறுத்தி வைக்கச் சொல்லி சிவப்பு டேக் கட்டினேன். கட்டும்போதே கை நின்றுவிட்டது. இங்கே பம்ப் ஒழுகினால் பம்ப்பைக் கழற்றிப் பார்க்கிறோம், தண்ணீர் மேல் பழி போடுவதில்லை. அங்கே நாலரை வருடமாக ஒரு தடவைகூட யாரும் பம்ப்பைக் கழற்றவில்லை. பலித்தால் ஐயா, பலிக்காவிட்டால் நாங்கள்.

அந்த ஞாயிறு போகவில்லை, அதற்கடுத்ததும் போகவில்லை. போன்கள் வந்தன, பிறகு வீட்டுக்கு வந்தார்கள், பிறகு ஒரே நாளில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். வாட்ஸ்அப் குழுக்கள் ஒன்பதிலிருந்தும் ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நாலரை வருடத்தில் வேறு நண்பர்களே இல்லாமல் போயிருந்தது. நோட்டில் எழுதியதை அம்மாவிடம் சொல்லிவிடுவார்களோ என்று மூன்று மாதம் பயந்து செத்தேன். கடைசியில் நானே அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "நானுந்தான் நெனச்சேன் கண்ணு, ஆஸ்பத்திரில நெனைக்காதவங்க யாரு" என்றாள். உங்களைப் பற்றிய ரகசியம் அவர்களிடம் இருந்தால், முந்திக்கொண்டு வீட்டில் சொல்லிவிடுங்கள், அதற்கப்புறம் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. மனம் ரொம்பத் தடுமாறினால் 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி, தமிழில் பேசலாம். நான் கோவையிலேயே ஒரு மனநல மருத்துவரிடம் எட்டு மாதம் போனேன்.

படித்ததில் என்னை ரொம்பவும் உலுக்கியது ஜோன்ஸ்டவுன், ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போதகரை நம்பிப் போனவர்கள் குடியேறிய இடம். 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானா காட்டில் ஒரே நாளில் 900-க்கும் மேற்பட்டவர்கள் சயனைடில் செத்தார்கள், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள். அந்தச் சபையின் ஆரம்பத்திலேயே ஏதோ பைத்தியக்காரத்தனம் இருந்திருக்கும் என்று தேடினேன். ஆரம்பத்தில் இருந்தது இலவசச் சாப்பாடு, முதியோர் இல்லம், கறுப்பரும் வெள்ளையரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த சபை. சபை தொடங்கிய அமெரிக்க மாநிலமான இண்டியானாவில் அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும். எனக்கு உடனே அந்த டிபன் கேரியர் ஞாபகம் வந்தது.

பணத்துக்கு வருகிறேன். வகுப்புகள், காணிக்கை, லோன், பிஎஃப், நகை, வட்டி எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட பத்தரை லட்சம். நகையை மீட்க முடியாமல் 2021 ஆரம்பத்தில் ஏலத்தில் போய்விட்டது. வக்கீல் இரண்டு வழக்குகளைச் சொன்னார். 1890-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில், வயதான ஒருவர் மறுமைக்காகச் சொத்தையெல்லாம் குருவுக்கு எழுதிவைத்த விவகாரம். தன் செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தவில்லை என்று காட்ட வேண்டியது குருதான் என்றது கோர்ட். ஒப்பந்தச் சட்டம் 16-வது பிரிவின் அடிப்படையும் அதேதான். இன்னொன்று இங்கிலாந்தில், கன்னியர் மடம் ஒன்றுக்குச் சொத்தைக் கொடுத்துவிட்டு 1879-ல் வெளியேறிய ஒரு பெண்மணி, 1885-ல்தான் வழக்குப் போட்டார். செல்வாக்கு இருந்ததை ஒப்புக்கொண்ட கோர்ட், இவ்வளவு நாள் சும்மா இருந்ததால் பணம் கிடையாது என்று 1887-ல் சொல்லிவிட்டது. "அதனால அவமானப்பட்டுக்கிட்டு வீட்டுல உக்காராதீங்க, இந்த மாதிரி விஷயத்துக்கு மூணு வருஷந்தான் கெடு" என்றார் வக்கீல். எனக்கு இரண்டு வருடம் ஏற்கெனவே போயிருந்தது. ரசீதுகள் பாதிதான் இருந்தன, காணிக்கையெல்லாம் உண்டியலில் ரொக்கம். நோட்டீஸ் விட்டோம். ஏழு வாரம் கழித்து ஒன்றரை லட்சம் தந்தார்கள், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு. கையெழுத்துப் போட்டேன். போராடியிருக்கலாம் என்று சொல்வீர்கள், எனக்குத் தெம்பு இல்லை. நீங்கள் இப்போது உள்ளே இருந்தால்கூடப் பரவாயில்லை, கொடுப்பதை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள், ரசீதை போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனில் போட்டு வையுங்கள்.

வீட்டில் ஒருவர் இப்படிப் போய்விட்டால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரியப்பா என்னிடம் குருவைத் திட்டினார், ஒவ்வொரு திட்டுக்கும் நான் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டேன், ஏனென்றால் "வீட்டில் எதிர்ப்பு வரும்" என்று அங்கே முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். அம்மா ஒரு தடவைக்கு மேல் எதையும் கேட்கவில்லை. ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் ஒரு தட்டு மூடி வைத்திருப்பாள். அந்தத் தட்டு இருந்ததால்தான் எனக்குத் திரும்பி வர ஒரு இடம் இருந்தது.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பாதி உண்மைதான். நான் ஆறு பேரை உள்ளே அழைத்துப் போனேன். ஐந்து பேர் விலகிவிட்டார்கள், இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை, அது நியாயம்தான். ஆறாவது பையன் எங்கள் அசெம்பிளி லைனில் அப்ரெண்டிஸாக வந்தவன், அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டான். மாதம் ஒரு தடவை போன் செய்கிறேன், அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. மழை, கிரிக்கெட், லைனில் யார் இருக்கிறார்கள், யாருக்குக் கல்யாணம், அவ்வளவுதான். முதல் ஆறேழு தடவை "சரிங்ணா, சேவை இருக்கு" என்று ஒரு நிமிடத்தில் வைத்துவிடுவான். அங்கே தங்குகிறவர்களுக்கு டீ கூடாது, வெளிச்சாப்பாடு கூடாது. போன மாதம் வைக்கப் போகிறவன் கொஞ்சம் நிறுத்தி, "ஏனுங்ணா, நம்ம பேக்கரில இன்னும் அந்தத் தேங்காய் பன் போடறாங்களா?" என்று கேட்டான். போடறாங்க, நாலு மணிக்கு வந்தா சூடா இருக்கும் என்றேன்.